விதை முளைக்குமா? கைத்தொலைபேசியில் ஒரு செய்முறை வீடியோ

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பம் ஒன்று தான் இழந்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் காணி, வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம் என்று கணக்கு நீளும். உதவி வழங்குவோரின் படிவங்களிலும் இவற்றுக்கே கட்டங்கள் உண்டு. செய்து பழகிய கைக்கு அந்தப் படிவங்களில் கட்டம் இல்லை. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது 30 வயதாக இருந்தவர் இன்று 65 வயதைத் தாண்டியவர். அவருடைய காணி 2015 இன் பின்னர் விடப்பட்டிருக்கலாம். இன்னும் விடப்படாமலும் இருக்கலாம். காணி திரும்பக் கிடைத்தாலும், விதை வெங்காயத்தை எப்படிப் பிடியாகக் கட்டித் தொங்கவிடுவது, மண்ணில் எந்த ஈரம் இருக்கும்போது கொத்துவது, கிணற்றை எவ்வளவு நேரம் இறைத்தால் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும் என்பன முகாமிலும் வாடகை வளவிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. கூட நின்று பார்த்துப் பழக அந்தப் பிள்ளைக்கு ஒரு தோட்டம் இருக்கவில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னியில் எல்லாவற்றையும் விட்டு நடந்த குடும்பங்களிலும் இதே நிலைமைதான்.

அறிந்தவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய செய்முறையைப் பதிந்து வைக்க இன்று பெரிய செலவு தேவையில்லை. பிறந்தநாளையும் திருவிழாவையும் படம்பிடிக்கிற அதே கைத்தொலைபேசி போதும். ஆனால் திருவிழாவை எடுப்பது போல இதை எடுத்தால் பயன் கிடையாது. பார்ப்பவர் பார்த்து முடித்ததும் எழுந்து போய்த் தானே அதைச் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்கு எப்படித் திட்டமிடுவது, எப்படி எடுப்பது, எப்படி வெட்டி ஒட்டுவது என்பதை இக்கட்டுரையில் ஓர் உதாரணத்துடன் விளக்குகின்றோம்.

படித்தவர்களுக்கும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கும் உரிய வேலை இது என்று எண்ணவேண்டாம். 1984 ஆம் ஆண்டு இந்தியாவின் அகமதாபாத் நகரில் 'சேவா' என்னும் சுயதொழில் பெண்கள் சங்கம் தனது அங்கத்தவர்களுக்கு வீடியோப் பயிற்சி அளித்தது. பயிற்சி பெற்றவர்களுள் எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் பலர். தெருவில் மரக்கறி விற்றவர்களும் அவர்களோடு இருந்தார்கள். அவர்கள் கமெராவைப் பிடித்தார்கள், ஒலியைப் பதிந்தார்கள், தாங்களே படத்தைத் தொகுக்கவும் பழகினார்கள். அந்தப் பிரிவு 'வீடியோ சேவா' என்ற பெயரில் தொடர்ந்து இயங்கியது. அன்று அவர்கள் தூக்கிய கமெராவுக்கும் ஒளிநாடாப் பெட்டிக்கும் இருந்த பாரத்தை நினைத்துப் பார்த்தால் நமது வேலை இலேசானது.

2006 ஆம் ஆண்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி முயற்சியாகத் தொடங்கி 2008 இல் தனி நிறுவனமாகிய 'டிஜிட்டல் கிரீன்' இன்னொரு பாடத்தைத் தருகின்றது. அவர்கள் கிராமத்துக் கமக்காரரையே நடிக்கவைக்காமல் செய்யவைத்துப் படம்பிடித்து, அயல் கிராமங்களில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கேட்ட முதற் கேள்வி பசளை பற்றியதல்ல. "இவர் ஆர், எந்த ஊர்?" என்பதுதான். தன்னைப் போன்ற ஒருவர் செய்கிறார் என்று கண்டபின்பே மற்றவற்றைக் கேட்டார்கள். ஆகவே கொழும்பில் எடுத்த அழகான படத்தைவிட, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி தன் கையால் செய்து காட்டும் கோணல்மாணலான படத்துக்கு ஒரு பலம் உண்டு.

எதை எடுப்பது?

முதன்முதல் எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே ஆசையில் தொடங்குகிறார்கள். நிலம் பண்படுத்துவது முதல் அறுவடை வரை முழு நெற்செய்கையையும் ஒரே வீடியோவில் காட்டிவிடவேண்டும் என்பதே அந்த ஆசை. அது முடிவதில்லை. முடிந்தாலும் ஒருவரும் கடைசிவரை பார்ப்பதில்லை. ஒரு வீடியோவில் ஒரு வேலை, ஐந்து நிமிடம், வீட்டில் உள்ள பொருட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது நெல் விதையின் முளைதிறனைப் பரிசோதிக்கும் வேலை. இதற்குக் காணி தேவையில்லை. தறப்பாள் கொட்டிலிலும் செய்யலாம். இதைச் செய்யாமல் விடுவதால் வரும் நட்டம் பெரியது. மீள்குடியேறிய குடும்பம் பெரும்பாலும் தன் சொந்த விதையை விதைப்பதில்லை. நிவாரணமாகக் கிடைத்ததையோ கடனுக்கு வாங்கியதையோ விதைக்கிறது. அந்தச் சாக்கு எங்கே, எவ்வளவு காலம், எந்த ஈரத்தில் கிடந்தது என்று தெரியாது. உழவுக் கூலியும் கொடுத்து, முதல் மழையும் பெய்து, விதைத்த பின்னர் பாதி முளைக்காவிட்டால் அந்தப் போகம் போய்விடும். கடன் மட்டும் நிற்கும்.

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறோம். சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலும் இருந்து ஒவ்வொரு பிடி நெல் எடுத்துக் கலக்கவேண்டும். அதிலிருந்து 100 நெல்மணிகளை எண்ணி எடுக்கவேண்டும்; நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக்கூடாது, வந்தது வந்தபடி. நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் பத்துப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கி, துணியைப் பாய் போலச் சுருட்டி நிழலில் வைக்கவேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்கவேண்டும், தண்ணீரில் ஊறவிடக்கூடாது. ஏழாம் நாள் விரித்து, வேரும் முளையும் இரண்டும் நன்றாக வந்தவற்றை மட்டும் எண்ணவேண்டும். 85 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்ல விதை. 70 அளவில் வந்தால் விதையின் அளவைக் கூட்டவேண்டும்: ஏக்கருக்கு 2 புசல் விதைப்பவர் ஏறக்குறைய 2½ புசல் போடவேண்டிவரும். அதற்கும் நன்றாகக் குறைந்தால் வேறு விதை தேடுவதே புத்தி. ஒரு விலக்கு உண்டு. புதிதாக அறுத்த நெல்லில் சில இனங்கள் சில வாரங்கள் உறங்கும். அப்படியான விதை முளைக்கவில்லை என்றால் அதைக் கெட்டதென்று ஒதுக்காமல், சில வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.

எதை எடுப்பதாக இருந்தாலும், எடுக்கும் முன்னர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செய்முறையைச் சொல்லிச் சரிபாருங்கள். வாயால் சொன்ன பிழை அந்த வேலியோடு நின்றுவிடும். வீடியோவில் சொன்ன பிழை நீங்கள் அறியாத ஊர்களுக்கும் போகும், திருப்பி அழைக்க முடியாது. கிருமிநாசினி, களைநாசினி அளவுகள் பற்றிய வீடியோக்களைப் புதிதாகத் தொடங்குபவர்கள் எடுக்கவே வேண்டாம் என்பது எமது கருத்து.

கமெராவுக்கு முன் காகிதம்

ஒரு கொப்பித் தாளை எடுத்து நடுவே கோடு இழுங்கள். இடப்பக்கம் 'காண்பது', வலப்பக்கம் 'கேட்பது'. வேலையைப் படிப்படியாக இடப்பக்கத்தில் எழுதுங்கள். இதை எழுதும்போது செய்பவர் அருகில் இருக்கவேண்டும். உண்மையிலேயே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பழகிய கை பல படிகளைத் தன்னை அறியாமலே செய்யும். துணியை நனைத்தபின் பிழிவதை ஆச்சி வாயால் சொல்லமாட்டார், ஏனென்றால் பிழியாமல் விடுவார்கள் என்று அவருக்குத் தோன்றாது. பார்ப்பவர் பிழியாமல் வைத்தால் நெல் அழுகும். இப்படி மறைந்திருக்கும் படிகளைக் கண்டுபிடிப்பதுதான் திட்டமிடலின் முக்கால்வாசி வேலை.

வலப்பக்கத்தில் பேச்சை எழுதுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம். இரண்டு இடங்களை மாதிரிக்குத் தருகிறோம்.

காண்பது: சாக்கின் வாய். கை உள்ளே போய் அடியிலிருந்து நெல்லை எடுக்கிறது.
கேட்பது: "மேல கிடக்கிறதை மட்டும் எடுக்காதேங்கோ. அடியிலதான் ஈரம் பிடிச்சிருக்கும். அதையும் சேத்துப் பாக்கவேணும்."

காண்பது: விரித்த துணி, ஏழாம் நாள். விரல் ஒவ்வொரு மணியாகத் தொட்டுப் போகிறது.
கேட்பது: "இதுக்கு வேர் மட்டும் வந்திருக்கு, முளை இல்லை. இதை எண்ணக்கூடாது."

இரண்டிலும் 'ஏன்' என்பது உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். காரணம் தெரிந்தவர், தன்னிடம் பருத்தித் துணி இல்லாவிட்டால் சாக்குத் துண்டைப் பாவிப்பார். காரணம் தெரியாதவர் துணி இல்லை என்று விட்டுவிடுவார்.

அளவுகளைச் சொல்லும்போது யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினையுங்கள். யாழ்ப்பாணத்தவர் பரப்புக் கணக்கில் யோசிப்பார், வன்னியில் ஏக்கர்க் கணக்கு. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பேச்சில் வேறு சொற்கள் உண்டு. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வழங்கினால் இரண்டையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒரு சொல்லும் குறைந்துபோகாது.

ஏழு நாள் வேலையை ஒரே நாளில் எடுப்பது எப்படி? சமையல் நிகழ்ச்சிகளில் செய்வது போலத்தான். ஒரே சாக்கு நெல்லில் மூன்று சுருள்கள் தயாரியுங்கள். படம்பிடிக்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று, மூன்றாவதைக் கமெராவின் முன்பே. மூன்று நாட்களின் நிலையும் ஒரே காலையில் கைக்கு வந்துவிடும், உடுப்பும் வெளிச்சமும் மாறாது. இது ஏமாற்று அல்ல. ஆனால் "இது மூண்டு நாளைக்கு முதல் சுத்தி வைச்சது" என்று பேச்சில் சொல்லிவிடவேண்டும். ஏழாம் நாள் வந்த எண்ணிக்கை 62 என்றால் 62 என்றே காட்டுங்கள். அழகுக்காக நல்ல சுருளை மாற்றி வைத்தால் முழுப் பரிசோதனையும் பொய்யாகிவிடும். உண்மையில், குறைந்த எண்ணிக்கை வந்த சுருள்தான் நல்ல பாடம் சொல்லித்தரும்.

படம்பிடித்தல்

தொலைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் தொலைக்காட்சிப் பெட்டியில் போடும்போது இரு பக்கமும் கறுப்பாகி, நடுவில் ஒரு ஒடுங்கிய படமே தெரியும். பின்பக்கக் கமெராவையே பாவியுங்கள். அதன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். சட்டைப்பையில் கிடந்த தொலைபேசியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இராது. 'விமானப் பயண' நிலையில் வைத்தால் நடுவில் அழைப்பு வந்து படம் அறுபடாது. 1080 என்ற தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 100 முதல் 130 மெகாபைட் வரை இடம் பிடிக்கும் என்பதால், முன்கூட்டியே பழைய படங்களை வேறிடத்துக்கு மாற்றி இடம் உண்டாக்குங்கள். இடம் போதாதென்றால் 720 தரத்தில் எடுக்கலாம், குறை ஒன்றுமில்லை.

கை ஆடும். ஆடாத கையென்று ஒன்றில்லை. அதற்கென விற்கும் முக்காலி வாங்கவேண்டிய அவசியமில்லை. கதிரையின் முதுகில் றப்பர் பட்டியால் கட்டலாம், இரண்டு சீமெந்துக் கல்லின் இடையில் செருகலாம். சிறு பையில் மணலோ நெல்லோ நிரப்பி அதன்மேல் அழுத்தி வைத்தால் எந்தச் சரிவிலும் நிற்கும். கமெராவை அங்கும் இங்கும் திருப்பவேண்டாம், படத்தைப் பெருப்பித்துக் கிட்ட இழுக்கவும் வேண்டாம். கிட்டக் காட்டவேண்டுமானால் நிறுத்திவிட்டு, கிட்டப் போய் வைத்து, மறுபடி ஓடவிடுங்கள். கமெராவை ஓடவிட்டு நிறுத்தும்வரை வருவதை ஒரு காட்சி என்போம். ஒவ்வொரு காட்சியிலும் வேலை தொடங்க முன்னர் ஐந்து விநாடியும் முடிந்தபின் ஐந்து விநாடியும் சும்மா ஓடவிடுங்கள். வெட்டும்போது அந்த விநாடிகளின் அருமை தெரியும்.

ஒவ்வொரு படியையும் இரண்டு தரம் எடுங்கள்: ஒருமுறை செய்பவரும் இடமும் தெரியத் தூரத்திலிருந்து, அடுத்தமுறை கையும் நெல்லும் மட்டும் தெரியக் கிட்டத்தில். "ஆச்சி, இன்னொருக்காச் செய்யுங்கோ" என்று கேட்க வெட்கப்படவேண்டாம். முதலே சொல்லி வைத்தால் அவர் சினக்கமாட்டார்.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று. கையின் வேலையைக் காட்டும்போது கமெராவைச் செய்பவரின் எதிரில் வைக்காதீர்கள். எதிரில் வைத்தால் அவருடைய வலக்கை திரையில் இடப்பக்கம் தெரியும். பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுத்தான் விளங்கவேண்டும். தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கி எடுங்கள். அப்போது பார்ப்பவருக்கு அந்தக் கைகள் தன் கைகள் போலத் தெரியும். பாய் பின்னுவது, முடிச்சுப் போடுவது, ஒட்டுக் கட்டுவது போன்றவற்றுக்கு இந்தக் கோணம் இல்லாமல் விளங்காது. தாயின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துத்தானே பிள்ளை எதையும் பழகுகிறது.

வெளிச்சம் கமெராவின் முதுகுப் பக்கமிருந்து வரவேண்டும். வாசலை முதுகுக்கு விட்டு உள்ளே இருப்பவரை எடுத்தால் முகம் தெளிவாக வரும். வாசலில் நிற்பவரை உள்ளேயிருந்து எடுத்தால் கறுப்பு உருவமே வரும். காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நல்ல வெளிச்சம். உச்சி வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணை மறைக்கும். மரநிழல் நல்லது, ஆனால் இலைகளுக்கூடாக வெயில் புள்ளி புள்ளியாக விழும் இடம் கூடாது.

நெல்லை வெள்ளைத் துணியில் வைத்தால் கமெராவுக்குத் தெரியாது. சாயம் போகாத பழைய நீலச் சாரத் துண்டில் வைத்தால் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்தால் முளையின் நீளமும் விளங்கும். மிகக் கிட்டத்தில் எடுக்கும்போது படம் தெளிவதும் மங்குவதுமாக இருந்தால், திரையில் நெல் தெரியும் இடத்தை விரலால் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் தெளிவு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஒலி

படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு விளங்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் பதிந்த பேச்சில் பாதிக்கு மேல் இரைச்சலாகவே இருக்கும். அதற்கு மேல் கோயில் ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பம்பி, ஓட்டோ, காகம். எமக்குச் சரியாகப் படுவது, வேலையைப் படம்பிடித்துவிட்டுப் பேச்சைப் பின்னர் தனியாகப் பதிவது. சின்ன அறையில் யன்னலைச் சாத்தி, கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டு, தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஆறுதலாக வாசியுங்கள். எதிரொலி வராது. நிமிடத்துக்கு 80, 90 சொற்களுக்கு மேல் போகவேண்டாம். கை எண்ணிக்கொண்டிருக்கும்போது குரல் பேசாமல் இருக்கலாம்; அந்த அமைதியில்தான் பார்ப்பவரும் எண்ணுவார்.

ஆச்சியே நேரில் பேசவேண்டுமானால், இரண்டாவது தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு அவருடைய மடியிலோ சட்டைப்பையிலோ வையுங்கள். தொடங்கும்போது ஒருவர் கமெராவின் முன் ஒருமுறை கைதட்டட்டும். பின்னர் தொகுக்கும்போது கைகள் சேரும் படத்தையும் அந்தத் தட்டல் ஒலியையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும்.

யாரை, எதைக் காட்டலாம்?

1967 ஆம் ஆண்டு கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையோரத்தில் உள்ள போகோ தீவில் நடந்த ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. மீன்பிடி நலிந்திருந்த அந்தத் தீவு மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் திட்டம் அரசாங்கத்திடம் இருந்தது. கனடாத் தேசியத் திரைப்பட அமைப்பைச் சேர்ந்த கொலின் லோ என்பவர் அங்கே போய், தீவு மக்களை அவர்களுடைய வாயாலேயே பேசவைத்து இருபதுக்கு மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார். ஒரு படத்தை வெளியே காட்டமுன் அதில் பேசியவர்களுக்கே முதலில் காட்டினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதைக் காட்டவில்லை. பிரிந்து கிடந்த சிறு ஊர்கள் ஒன்றையொன்று திரையில் கண்டு பேசத் தொடங்கின. மக்கள் தீவிலேயே இருந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். படம் மட்டுமே இதைச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 'முதலில் படத்தில் உள்ளவருக்குக் காட்டு' என்ற அந்த ஒழுங்கு எமக்கும் வேண்டும்.

இடம்பெயர்ந்தோரைப் படம்பிடிக்க எத்தனையோ பேர் வந்துபோயிருக்கிறார்கள். கேட்டு எடுத்தவர்கள் குறைவு. நாமும் அப்படிச் செய்யக்கூடாது. எடுக்குமுன் கேளுங்கள், எடுத்தபின் காட்டிக் கேளுங்கள். முகம் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் கைகளை மட்டும் எடுத்தாலும் செய்முறை குறைவின்றி விளங்கும். பின்னணியில் அடையாள அட்டை, நிவாரணப் பெயர்ப்பட்டியல், பாடசாலைச் சீருடையில் பிள்ளைகள், படைமுகாம், காவலரண் எதுவும் விழாமல் பாருங்கள். எல்லை பற்றிய வழக்கு நடக்கும் காணியில் நின்று எடுக்கவேண்டாம். வீடியோ யார் கைக்குப் போகும் என்று எடுப்பவருக்குத் தெரியாது.

வெட்டுதலும் ஒட்டுதலும்

தொகுப்பதற்குக் கணினி கட்டாயமில்லை. கப்கட், இன்ஷொட் போன்ற செயலிகளைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைப்பதே இந்த வேலைக்குப் போதும். வீட்டில் உள்ள இளம் பிள்ளைகள் ஏற்கனவே இவற்றில் கெட்டிக்காரர். இங்கேதான் இரண்டு தலைமுறை ஒன்றாக இருந்து வேலை செய்ய ஒரு வாய்ப்பு வருகிறது. கை பெரியவருடையது, திரை பிள்ளையுடையது. வெட்டும்போது பெரியவரும் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அழகில்லை என்று பிழிகிற காட்சியை வெட்டிவிடும்.

முதலில் எல்லாக் காட்சிகளின் பிரதியையும் வேறொரு மெமரி காட்டில் போட்டு வையுங்கள். பின்னர் காகிதத்தில் உள்ள ஒழுங்கின்படி காட்சிகளை அடுக்குங்கள். ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் வெட்டுங்கள். தூரக் காட்சியில் தொடங்கி, கை வேலை தொடங்கும் இடத்தில் கிட்டக் காட்சிக்கு மாறுங்கள். அதன்பின் பேச்சைச் சேர்த்து, பேச்சின் நீளத்துக்கு ஏற்பப் படத்தைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். 100, 7 நாள், 85 ஆகிய இலக்கங்களை மட்டும் பெரிய எழுத்தில் திரையில் போடுங்கள். முழு வசனங்களை எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், கையையும் பார்க்கமாட்டார்கள்.

செயலியில் நட்சத்திரம் பறக்கும், படம் சுழன்று மறையும், பூ விழும். அவற்றைத் தொடவேண்டாம். சினிமாப் பாட்டும் வேண்டாம். பாட்டு பேச்சை விழுங்கும், அது இன்னொருவருடைய உரிமைப்பொருளுமாகும். தொடக்கத்தில் நீண்ட வணக்கமும் அறிமுகமும் வேண்டாம். எமது கூட்டங்களில் மங்கல விளக்கும் வரவேற்புரையும் முடிய முக்கால் மணித்தியாலம் போவது காணாதா? "விதைக்க முதல் இந்த நெல் முளைக்குமோ எண்டு பாப்பம்" என்று கையில் நெல்லோடு தொடங்குங்கள்.

தொகுத்து முடிந்ததும் இந்த வேலையைத் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, முதலில் ஒலியில்லாமல் போட்டுக் காட்டுங்கள். என்ன நடக்கிறது என்று அவர் சொல்லட்டும். பின்னர் ஒலியோடு காட்டி, துணியையும் நெல்லையும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவருடைய கை எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தில் ஒரு காட்சி குறைகிறது. அதை மட்டும் மறுபடி எடுத்துச் செருகுங்கள்.

போட்டுக் காட்டுதல்

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது வீடியோவை நெருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். 'ஆவணம்' என்ற வழியால் அனுப்பினால் எடுத்தபடியே போகும். டேட்டாவுக்குக் காசில்லாத வீடுகளுக்கு புளூடூத்தாலோ மெமரி காட்டாலோ கொடுக்கலாம். ஆயினும் தனியே பார்ப்பதைவிடப் பத்துப் பதினைந்து பேர் பங்கு மண்டபத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ கூடிப் பார்ப்பதில் பயன் அதிகம். படி முடியும் இடங்களில் நிறுத்தி, "இதை உங்கட பக்கத்தில எப்படிச் செய்யிறனீங்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கே இருந்துதான் அடுத்த வீடியோவுக்கு ஆள் கிடைக்கும். வந்தவர்கள் தங்கள் வீட்டு விதையில் ஒரு பிடி கொண்டுவந்தால் அன்றே அவரவர் சுருளைச் சுற்றிக்கொண்டு போகலாம்.

எடுத்ததை ஒரே தொலைபேசியில் வைத்திருக்கவேண்டாம். இரண்டு வீட்டில், இரண்டு மெமரி காட்டில் இருக்கட்டும். யார் செய்தது, எந்த ஊரில், எந்த நெல்லினம், எந்தத் திகதி என்று ஒரு துண்டில் எழுதிக் கூடவே வையுங்கள். கலியாண அல்பத்தைப் பதுங்குகுழியில் விட்டுவந்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

பெரும்போக விதைப்பு ஐப்பசியில் மும்முரமாகும். புரட்டாதி பிறக்க முன்னரே மூன்று சுருளையும் சுற்றிப் படமும் எடுத்துவிட்டால், விதை பிழையென்று கண்டாலும் கமநல சேவை நிலையத்திலோ அயலவரிடமோ மாற்று விதை தேட ஒரு மாதம் கையில் இருக்கும்.